மலையில் பிறந்து படகு எஞ்சினைத் தேடுவோர்: நீலகிரி இளைஞருக்குள்ள தொழில் வழிகள் பற்றி ஓர் ஆய்வு

நீலகிரியில் கடல் இல்லை. படகு எஞ்சின் உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஊட்டி ஏரியை 1973-இல் சுற்றுலாத் துறை ஏற்றுக்கொண்டது. இன்று அங்கே துடுப்புப் படகும் மிதிபடகும் மோட்டார் படகும் ஓடுகின்றன. பைக்காராவில் வேகப்படகுகள் சீறுகின்றன. இவற்றைப் பார்த்து வளர்கிற ஒரு பிள்ளை, பத்தாவது முடித்த கையோடு "எனக்குப் படகு எஞ்சின் வேலைதான் பிடித்திருக்கிறது" என்று குன்னூரிலோ கோத்தகிரியிலோ சொன்னால், பெரியவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஐ.டி.ஐ.-யில் சேரச் சொல்வார் ஒருவர். கடற்கரையில் யாரிடமாவது கையாளாகப் போகச் சொல்வார் இன்னொருவர். கப்பல் படிப்புதான் படிப்பு என்பார் மூன்றாமவர். "இந்த மலையில் அதற்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்பவர்தான் அதிகம்.

இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் வரலாறு உண்டு. தமிழ்நாட்டுப் படகுகளில் எஞ்சின் ஏறி எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள், அதைப் பழுதுபார்ப்பவர் எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளையும், அவை எந்த இடத்தில் ஒரு மலைப் பிள்ளைக்கு உதவாமல் போகின்றன என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

பட்டறைதான் பள்ளிக்கூடம் என்ற நிலைப்பாடு

எல்லாவற்றிலும் பழையதும் இன்றும் வலுவானதும் இதுதான். காசிமேடு, நாகப்பட்டினம், இராமேஸ்வரம், தூத்துக்குடி, குளச்சல் என்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும், விசைப்படகின் எஞ்சினைத் திறந்து வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்தே வேலை கற்றவர்கள். முதலில் டீசலில் பாகங்களைக் கழுவுவது, பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, பிறகு நாசிலும் ஃபில்டரும் மாற்றுவது, கடைசியில்தான் ஃப்யூல் பம்பையோ கியர்பாக்ஸையோ தொட விடுவார்கள். சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் அடிபட்டிருக்கிறது என்று சொல்லும் திறமை இப்படித்தான் கைமாறுகிறது.

இதற்கு ஒரு பருவமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் நீட்டிக்கப்பட்டது. விசைப்படகுகள் கரையேறி நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் எஞ்சின் இறக்குவது, ஷாஃப்ட் நேர் பார்ப்பது, ஸ்டெர்ன் டியூப் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் நடக்கும். மெக்கானிக்கின் கை ஓயாது. ஆள் பற்றாக்குறை வருவதும் அப்போதுதான். கன்னியாகுமரி மேற்குப் பகுதியில் தடைக்காலம் ஜூன், ஜூலை மாதங்களில் வருவதால், கிழக்கில் முடித்துவிட்டு அங்கே போவதற்கும் ஓர் இடைவெளி அமைகிறது. பத்தாவது தேர்வு முடிந்த கோடை விடுமுறை அப்படியே இந்தப் பருவத்தோடு பொருந்துவது ஒரு நல்ல வாய்ப்பு. தொழில் தனக்குப் பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

இந்த நிலைப்பாட்டின் குறை, அது உறவின் மேல் கட்டப்பட்டிருப்பதுதான். கடற்கரைப் பட்டறைகளில் பெரும்பாலும் மகன், மருமகன், பக்கத்து வீட்டுப் பையன் என்றுதான் சேர்ப்பார்கள். எஸ்டேட் லைனிலிருந்தோ படுகர் ஹட்டியிலிருந்தோ வரும் பிள்ளைக்கு அந்தக் கரையில் மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. தங்க இடம், சாப்பாடு, முதல் இரண்டு வருடம் கூலி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராத காலம் ஆகியவற்றை யார் தாங்குவது என்பது பெரிய கேள்வி. கற்ற வேலைக்குக் காகிதச் சான்று இல்லாததும் பின்னால் இடிக்கும். முன் கற்றலை அங்கீகரித்துச் சான்று தரும் திட்டங்கள் 2015-க்குப் பிறகு வந்திருக்கின்றன. ஆனாலும் குறுகிய மதிப்பீட்டில் கிடைக்கும் அந்தச் சான்றை ஒரு கப்பல் நிறுவனமோ துறைமுகமோ முழுத் தகுதியாக ஏற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

நார்வே காலத்து விடை: அரசே பயிற்சி தரட்டும்

1952-இல் கையெழுத்தாகி, 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம்தான் தென்னிந்திய மீன்பிடியில் எஞ்சினைப் பரவலாக்கிய முதல் பெரிய முயற்சி. எஞ்சின் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1963-இல் கொச்சியில் மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிலையம் அமைந்தது. இன்று சிஃப்நெட் என்று அறியப்படுவது அதுதான். சென்னைப் பிரிவு 1968-இலும் விசாகப்பட்டினப் பிரிவு 1981-இலும் வந்தன.

மலைப் பிள்ளைக்கு இது முக்கியம். சிஃப்நெட்டின் மரைன் ஃபிட்டர் பயிற்சி இரண்டு ஆண்டு. பத்தாவது தேறியவர்கள், கணிதத்திலும் அறிவியலிலும் குறைந்தது 40 சதவீதம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். பொதுவாக வயது 15 முதல் 20-க்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. இங்கே கடற்கரையில் மாமா இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சிக்குப் பின் கடலில் குறிப்பிட்ட காலம் வேலை செய்தால், மீன்பிடிக் கப்பலின் எஞ்சின் டிரைவர், அதன் பிறகு பொறியாளர் என்ற அரசுத் தகுதித் தேர்வுகளை எழுதலாம். படகு எஞ்சினையே மையமாக வைத்து, பத்தாவது முடித்தவருக்குத் திறந்திருக்கும் படிப்புகளில் இதைப்போல் நேரானது மிகக் குறைவு. இவ்வளவு இருந்தும் நீலகிரிப் பள்ளிகளில் இதன் பெயர் காதில் விழுவதே அபூர்வம் என்பது வருந்தத்தக்கது.

குறைகளும் உண்டு. இடங்கள் சில பத்துகள்தான், போட்டி பல மாநிலங்களிலிருந்து. மீன்பிடிக் கப்பல் வாழ்க்கை எல்லோர் உடம்புக்கும் ஒத்துவராது; கடல் மயக்கம் முதல் பயணத்திலேயே பலரைத் திருப்பி அனுப்பிவிடும். இன்னொன்று அடிப்படையானது. இந்தப் பயிற்சி பெரிய கப்பலின் எஞ்சின் அறையை மனத்தில் கொண்டது. தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கரையில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை ஃபைபர் வள்ளங்களும் அவற்றில் பொருத்திய சிறு டீசல் எஞ்சின்களும் அவுட்போர்டு மோட்டார்களும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவித் திட்டங்கள் வழியாக ஃபைபர் படகுகள் பெருகின. நீண்ட தண்டு வைத்த லாங்–டெயில் எஞ்சின்களும் கூடவே பெருகின. அந்த எஞ்சின்களைத் திறந்து மூடுபவர் பெரும்பாலும் இன்றும் பட்டறை வழி வந்தவரே. சான்று பெற்றவர் கப்பலுக்குப் போகிறார், வள்ளத்தின் எஞ்சின் சான்றில்லாதவரிடம் வருகிறது. இந்தப் பிளவு இன்றுவரை சரியாகவில்லை.

தரையில் கற்று நீருக்குப் போவது

மூன்றாவது நிலைப்பாடு, டீசல் எஞ்சின் எங்கே இருந்தாலும் டீசல் எஞ்சின்தான் என்பது. ஐ.டி.ஐ.-யில் டீசல் மெக்கானிக் ஒரு வருடம். ஃபிட்டர், மோட்டார் வாகன மெக்கானிக் ஆகியவை இரண்டு வருடம். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு, பெண்களுக்கு உச்ச வயது இல்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அதன் பிறகு அப்ரன்டிஸ் பயிற்சியும் பெறலாம்.

இந்த வாதத்துக்கு நீலகிரியிலேயே சான்று இருக்கிறது. குன்னூர் லோகோ ஷெட்டில் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் பராமரிப்பவர்களும், அருவங்காடு தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர்களும், தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோலரையும் டிரையரையும் ஜெனரேட்டரையும் ஓட வைக்கும் ஃபிட்டர்களும் இந்த மலையில் பல தலைமுறையாக எஞ்சினோடு வாழ்ந்தவர்கள். மின்சாரம் போன இரவில், உலரப் போட்ட இலை வீணாகாமல் இருக்க ஜெனரேட்டரை உயிர்ப்பிக்கும் ஃபிட்டரிடம் படகு எஞ்சினுக்குத் தேவையான பாதி அறிவு ஏற்கனவே இருக்கிறது. விசைப்படகுகளில் ஓடும் எஞ்சின்களில் பல, லாரி எஞ்சினின் கடல் வடிவங்கள்தாம். கோயம்புத்தூரின் பம்பு, மோட்டார் பட்டறைகள் மலையிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பதும் சாதகம்.

மீதிப் பாதிதான் சிக்கல். லாரியின் ரேடியேட்டர் காற்றில் குளிர்கிறது. படகு எஞ்சினைக் குளிர்விப்பது வெளித் தண்ணீர். கடலில் அது உப்பு நீர். வெப்பமாற்றியில் உப்புப் படியும், துத்தநாகத் தகடு தேய்ந்ததைக் கவனிக்காவிட்டால் விலையுயர்ந்த உலோகம் அரித்துப்போகும், இம்பெல்லரின் ரப்பர் இறகு ஒன்று முறிந்தாலும் எஞ்சின் சூடேறிவிடும். புரொப்பல்லரின் அளவும் சாய்வும் எஞ்சினோடு பொருந்தாவிட்டால் டீசல் கொட்டும், வேகம் வராது. இவற்றை ஐ.டி.ஐ. பாடம் தொடுவதில்லை. ஆகவே, தரையில் கற்றவர் கரைக்கு வந்து மறுபடி சிறிது காலம் கையாளாக இருந்தே தீர வேண்டும். கற்றவற்றை ஓரளவு மறந்து இன்னொருவரிடம் பணிந்து நிற்கும் மனம் வேண்டும். சான்றிதழ் வாங்கியவருக்கு அது எளிதல்ல.

சட்டத்தின் எல்லையும் மெக்கானிக்குக்குக் கற்றுத்தரப்படாத பாடம். தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு 240 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தித் தரச் சொல்லி உரிமையாளர் கேட்டால், மறுக்கும் தைரியமும் விதி அறிவும் மெக்கானிக்குக்கு இருக்க வேண்டும்.

கப்பல் படிப்பு

பெற்றோருக்கு அதிகம் பிடிப்பது இது. பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி, 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்திலோ அதன் இணைப்புக் கல்லூரிகளிலோ நான்காண்டு மரைன் எஞ்சினியரிங் படிக்கலாம். மெக்கானிக்கல் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. பத்தாவது படித்தவர்களுக்கு ஜி.பி. ரேட்டிங் என்ற ஆறு மாதப் பயிற்சி. வயது பதினேழரை முதல் 25 வரை. கடலோரக் காவல்படையின் யாந்திரிக் பணிக்கு டிப்ளமோ வேண்டும். கடற்படையில் 2022-க்குப் பிறகு அக்னிவீர் முறை, நான்கு ஆண்டு. வெலிங்டன் படைத்தளத்தை வைத்து ராணுவத்தை நன்கறிந்த இந்த மாவட்டத்துக்குச் சீருடை வழி புதியதல்ல.

சம்பளத்தில் இவற்றுக்கு நிகரில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை தேவை. ஒன்று, படிப்பு முடிந்ததும் கப்பலில் ஏறும் இடம் கிடைப்பது தனிப் போராட்டம். தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த ஏக்கத்தை விலைபேசும் போலி ஏஜென்டுகளும் உண்டு. கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. மற்றொன்று, பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் அதில் சோதிக்கப்படும். நிறக்குறை தெரியாமலே சேர்ந்துவிட்டுப் பின்னால் அழுவதைத் தவிர்க்கலாம்.

இந்த வழியின் உள்ளார்ந்த குறை வேறு. படகு எஞ்சினைக் கையால் திறந்து பார்க்கும் ஆசையில் வந்தவர், கண்காணிப்புத் திரைகளும் பதிவேடுகளும் நிறைந்த எஞ்சின் அறைக்குப் போய்ச் சேர்வார். அது பெரிய வேலைதான். ஆனால் அவர் கேட்ட வேலை அதுதானா என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மலையிலேயே இருப்பது

"இங்கே என்ன வேலை இருக்கிறது?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: கொஞ்சம் இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லங்கள் ஊட்டி, பைக்காரா தவிர ஏற்காடு, கொடைக்கானல், முட்டுக்காடு, பிச்சாவரம் என்று பரவியிருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் எஞ்சின் பார்ப்பவர்களுக்கான இடங்கள் சொற்பம்.

ஆனால் மலை நீரில் எஞ்சின் பார்ப்பது தனி நுட்பம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குக் குறைந்த காற்றையே உள்ளிழுக்கும், சக்தியும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். கரையில் சரியாக ஓடிய அதே எஞ்சின், அதே புரொப்பல்லரோடு மேலே வந்தால் திணறும். கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால் பெட்ரோல் விகிதம் கூடிப்போய்ப் புகை கக்கும்; ஜெட் மாற்ற வேண்டும், குறைந்த சாய்வுள்ள புரொப்பல்லர் போட வேண்டும். விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் எடுப்பது இன்னொரு பாடு. உப்பு அரிப்பு இல்லை என்ற நிம்மதியை வண்டலும் ஆகாயத்தாமரையும் கெடுத்துவிடும். குளிர்நீர் நுழையும் வாயை அவை அடைத்துக்கொள்ளும்.

பருவமும் எதிர்மாறானது. கடற்கரை மெக்கானிக்குக்கு வேலை குவியும் ஏப்ரல், மே மாதங்கள்தான் ஊட்டியின் சீசன். அப்போது படகு ஓட வேண்டும், நிற்கக் கூடாது. இங்கே பெரிய பழுதுவேலை தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூன் கடைசி, ஜூலைக்குத்தான் ஒதுங்கும். எனவே ஒருவரே இரண்டு இடத்திலும் வேலை செய்வது கோட்பாட்டளவில் முடியும். தடைக்காலத்தில் கரை, மழைக்காலத்தில் மலை, மீதி மாதங்களில் தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டர், பம்புசெட், பவர் டில்லர். ஏரி எஞ்சினை மட்டும் நம்பி மலையில் இருப்பது நடக்காது. எஞ்சின் எதுவானாலும் பார்ப்பேன் என்றால் நடக்கும் என்பதே இந்த நிலைப்பாட்டின் நியாயமான வடிவம்.

கூடலூருக்கு அருகில் இருக்கும் கடல்

நீலகிரியை ஒரே துண்டாக எண்ணுவதால் தவறும் ஒரு செய்தி இது. கூடலூர், பந்தலூர் பிள்ளைகளுக்கு நாகப்பட்டினத்தைவிடக் கோழிக்கோடும் பேப்பூரும் பக்கம். அவர்களில் பலருக்கு மலையாளம் இரண்டாம் தாய்மொழி. கேரளத்தில் மீன்பிடிப் படகோடு ஆலப்புழை வீட்டுப் படகுகள், மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிப் படகுகள், கொச்சி கப்பல் கட்டும் தளம் என்று உள்நாட்டு நீரிலேயே ஒரு பெரிய வேலைச்சந்தை இருக்கிறது. கப்பல் தளத்தின் அப்ரன்டிஸ் அறிவிப்புகளில் எந்த மாநிலத்தவர் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையை முதலில் படித்துவிட வேண்டும்.

பயணிப் படகில் சான்றிதழுக்கு மதிப்புக் கூடிவருவதற்குத் துயரமான காரணங்களும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். இரண்டிலும் பேசப்பட்ட காரணங்கள் எஞ்சினைவிடப் படகின் அமைப்பும் ஆள் சுமையும் சார்ந்தவை. என்றாலும், தகுதியில்லாத கை எந்தப் படகையும் தொடக் கூடாது என்ற எண்ணம் அவற்றால் வலுத்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவு, ஆய்வு, காப்பீடு, பணியாளர் தகுதிச் சான்று ஆகியவற்றை ஒரே சட்டகத்தில் வைக்கிறது. எஞ்சின் டிரைவர் சான்று வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு இனி கூடுதல் மதிப்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

எஞ்சினே இல்லாமல் போனால்?

வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யா, 75 பேர் செல்லும் சூரியசக்திப் படகு. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் படகுகள் மின்கல–ஹைபிரிட் வகை. ஏரிச் சுற்றுலாப் படகுகளுக்குச் சத்தமும் புகையும் இல்லாத மோட்டார் இயல்பாகப் பொருந்தும். அப்படியானால் டீசல் கற்பது வீணா?

நீலகிரிக்கு இது புதுக் கேள்வி அல்ல. 1960-இல் இங்கே தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், படச்சுருள் தொழில்நுட்பம் ஒழிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களின் திறமையோடு சேர்ந்து மூடியது. ஒரே தொழில்நுட்பத்தை மட்டும் கற்றவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை. மீன்பிடிப் படகுகளில் மின்மோட்டார் வருவதற்கு, நாள் கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகுக்கு மின்கல எடை ஒத்துவராது என்பதால், கணிசமான காலம் ஆகலாம். ஏரிகளில் அது முன்னதாகவே வரக்கூடும். மலையில் தங்க நினைப்பவர்தான் மின்சாரத்தையும் கற்றாக வேண்டியவர் என்று ஆகிறது. டாடா டெக்னாலஜிஸ் கூட்டுறவில் மேம்படுத்தப்பட்ட 71 அரசு ஐ.டி.ஐ.-க்களில் மின்வாகனப் பயிற்சி வந்திருப்பது இங்கே பயன்படும்.

முடிவாகாதவை

இத்தனை நிலைப்பாடுகளையும் அடுக்கிப் பார்க்கையில், இவை ஒன்றையொன்று மறுப்பதைவிட வெவ்வேறு வயதுக்கு உரியவையாக இருப்பது தெரிகிறது. சிஃப்நெட் கதவு இருபதில் மூடும். ஜி.பி. ரேட்டிங் இருபத்தைந்தில். ஐ.டி.ஐ. நாற்பது வரை காத்திருக்கும், பட்டறை எப்போதும் காத்திருக்கும். முதலில் மூடும் கதவை முதலில் தட்டிப் பார்ப்பது, கிடைக்காவிட்டால் டீசல் மெக்கானிக் படிப்போடு ஒரு தடைக்காலத்தைக் கரையில் கழிப்பது என்ற வரிசை பலருக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. இதை விதியாகச் சொல்ல முடியாது. வீட்டின் வருமானம், உடல்நிலை, மொழி, எந்தத் தாலுகா என்பதெல்லாம் வரிசையை மாற்றும்.

மூன்று கேள்விகள் திறந்தே நிற்கின்றன. கரைப் பட்டறைகளில் இருபது வருடம் வேலை செய்தவரின் அறிவை, அவரைப் பள்ளிக்கு அனுப்பாமல், மதிக்கத்தக்க சான்றாக மாற்றுவது எப்படி? ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் படிப்பில் மீன்பிடித் துறைமுகப் பயிற்சியாக எட்டு வாரத்தை ஏன் சேர்க்கக் கூடாது? கடைசியாக, பெண்கள். ஐ.டி.ஐ.-யில் அவர்களுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது, வயது வரம்பு இல்லை, ஆனால் படகுத் துறைகளின் எஞ்சின் பட்டறையில் அவர்களுக்கு இன்னும் இடமில்லை. ஆண் உறவுகளின் வழியாகவே ஆள் சேரும் ஒரு தொழிலில், வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்கு முதல் ஸ்பேனரை யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு, மேலே பார்த்த எந்த நிலைப்பாட்டிலும் விடை இல்லை.